லோடு ஆகாத குன்றக்குடி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் சென்னையில் என் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. காரைக்குடியிலிருந்து கதிரேசன் அண்ணன். "தம்பி, ஸ்டெல்லா இறந்துருச்சு" என்றார். "எந்த ஸ்டெல்லா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஸ்டெல்லா ஒருவர்தான். பேசுகிறவர் அவருடைய கணவர். அவர் கோபப்படாமல், "நம்ம ஸ்டெல்லாதான் தம்பி" என்றார். மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் ஆள் இல்லை. முப்பத்து நான்கு வயது.

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே ஸ்டெல்லாக்கா பேசிக் நிரல்மொழி நடத்தினார், நான் சி நடத்தினேன். நான் எப்படி நடத்தினேன் என்பது உங்களுக்கே தெரியும். ஒருவர் ஒரு வரியைத் தட்டி முடிப்பதற்குள் கீபோர்டைப் பிடுங்கி நானே தட்டிவிடுவேன். அக்கா அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பார்: "என்ன எஞ்சினியரு, பிள்ளைக்குச் சோத்த ஊட்டுறீகளா, நீங்களே திங்கிறீகளா?" எல்லோரும் சிரிப்பார்கள், என்னைத் தவிர.

ஒரு மதியம் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்றில் எமுலேட்டர் இருந்தது. பழைய வீட்டுக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல் அது. அதை ஓட்டினால் நம் பென்டியம் தன்னைப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய பெட்டி என்று நம்பிக்கொள்ளும். திரை சாம்பல் நிறமானது. சாக்பீஸ் கையோடு உள்ளே வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்க வீட்டுப் பெட்டியில்ல!"

எண்பதுகளில் அவருடைய மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த பெட்டி அது. ரப்பர் பொத்தான்கள், திரைக்கு டிவி, நிரலைச் சேமிக்க டேப் ரெக்கார்டர். நிரல் கேசட்டில் ஒலியாகப் பதிவாகும். திரும்ப ஏற்ற ஐந்து நிமிடம் ஆகும். அக்காவும் அவருடைய அண்ணன் சேவியரும் சேர்ந்து அதில் ஓர் ஆட்டம் எழுதியிருந்தார்கள். ஒருவன் பூசைத் தட்டோடு குன்றக்குடி மலைப்படி ஏற வேண்டும். வழியில் குரங்குகள் பழத்தைப் பிடுங்கும்.

"வேதக்கார வீட்டுப் பிள்ளைக, முருகன் மலைய ஏன்க்கா எடுத்தீக?"

"குரங்கு அங்குட்டுத்தான தம்பி இருக்கு? பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாக. ஒண்ணு என் பழத்தப் பிடுங்கிருச்சு. நான் அழுதத சேவியர் பயல் மறக்கவே இல்ல. பத்து வருசம் கழிச்சு அதே குரங்க ஆட்டத்துல விட்டுட்டான்."

மறுநாள் கேசட்டைக் கொண்டு வந்தார். டேப் ரெக்கார்டரிலிருந்து சவுண்ட் கார்டுக்கு ஒரு வயர் போட்டு முழுவதையும் கணினியில் பதிந்தேன். நாலரை நிமிடம் இரைச்சல், அதாவது நிரல். அதன் பிறகு, நிரலின் கடைசிப் பகுதியை அழித்துக்கொண்டு, பேச்சு. யாரோ செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு விநாடி கேட்டேன், எனக்குத் தேவையில்லாதது, எமுலேட்டருக்கான பிரதியிலிருந்து வெட்டிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் போகிற போக்கில் இதை அக்காவிடம் சொன்னேன்.

"யார் குரல் தம்பி?"

"யாரோ ஒரு அம்மா."

அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கதிரேசன் அண்ணன் வலையபட்டியில் விவசாயம் பார்க்கிற இந்துக் குடும்பம். அக்கா அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து சேவியர் தங்கையோடு பேசுவதில்லை. ஒன்பது வருடம். இடையில் அம்மா இறந்தார். "சவப்பெட்டிக்கு அங்குட்டு அவன் நின்னான், இங்குட்டு நான் நின்னேன். ஒரு வார்த்த பேசல" என்றார் அக்கா.

"இப்ப போட்டுக் காட்டவாக்கா? அம்மா குரலக் கேளுங்க."

"வேணாம். கிறிஸ்துமஸுக்கு அவன் மஸ்கட்டுலருந்து வாரான். வந்தா சேந்து கேக்குறோம். இல்லேன்னா கேக்கவே வேணாம்."

அதற்காகச் சமாதானம் பேசவெல்லாம் எனக்கு வராது. சேவியர் ஊருக்கு வந்ததும் அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி நேராகப் போன் செய்தேன். "சார், உங்க குரங்கு ஆட்டத்துல கடைசி வரிகளக் காணோம். மலை உச்சியில என்ன வச்சிருந்தீக?"

"மயிலு" என்றார்.

"மயில் என்ன செய்யும்?"

"அத எப்பிடிய்யா போன்ல சொல்றது? நானே வந்து எழுதித் தாரேன்."

வந்தார். அக்காவைப் பார்க்காமலே என் நாற்காலியில் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் விடுபட்ட அத்தனை வரியையும் ஞாபகத்திலிருந்தே அடித்தார். நான் மீதியோடு சேர்த்துச் சேமித்து, எமுலேட்டரில் வேக ஏற்றத்தைப் போட்டேன். ஒரே விநாடியில் ஆட்டம் திரையில். பெருமையாக இருந்தது. சேவியர் படி ஏறினார், பழத்தைப் பறிகொடுத்தார், மறுபடி ஏறினார், மயில் தோகை விரித்தது. "நல்லா இருக்கு சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். வேலை முடிந்தது என்று நானும் கணினியை அணைக்கப் போனேன்.

"ஆஃப் பண்ணாதீக தம்பி. டேப்புலருந்து போடுங்க" என்றார் அக்கா.

"அதான் வந்துருச்சேக்கா. டேப்புல போட்டா அஞ்சு நிமிஷம் ஆகும். கடைசியில எரர் வரும்."

"வரட்டும்."

போட்டேன். காதைக் கிழிக்கும் இரைச்சல், திரை ஓரத்தில் வண்ணக் கோடுகள். நின்றுகொண்டிருந்த சேவியர் சட்டென்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவும் உட்கார்ந்தார். லோடு ஆகும்போது யாரும் நடக்கக் கூடாது, அதிர்ந்தால் கெட்டுவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டமாம். இன்று அதெல்லாம் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முறைத்தார். நானும் நகரவில்லை.

இரைச்சல் நின்று குரல் வந்தது. செபத்தின் நடுவில், அதே ராகத்தில், "ஸ்டெல்லா, அடுப்புல பாலு பொங்குது பாருடி" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் செபத்தைத் தொடர்ந்தார் அந்த அம்மா. சற்று நேரத்தில் 'டக்'கென்று பதிவு நின்றது. திரையில் எரர்.

"மறுபடி போடுங்க" என்றார் சேவியர்.

"சார், கடைசிப் பகுதி அழிஞ்சு போச்சு. எத்தன தடவ போட்டாலும் லோடு ஆகாது."

"லோடு ஆக வேணாம்யா. போடுங்க."

மறுபடியும் ஐந்து நிமிடம். மறுபடியும் பால் பொங்கியது. சேவியர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"அன்னிக்குப் பொங்கிருச்சா?"

"பொங்கி அடுப்பே அணஞ்சு போச்சு."

"யாரு இதுல செபத்தப் பதியச் சொன்னது?"

"அம்மாதான். கேசட்டு கெட்டுப்போய்க் கத்துதுன்னு நெனச்சு, பினாங்குச் சித்திக்கு அனுப்பப் பதிஞ்சுச்சு. நீ வந்து கத்துன கத்துல பாதியில நிறுத்திருச்சு. அப்புறம் ரெண்டு நாள் உனக்குப் பயந்து முட்டையா அவிச்சுப் போட்டுச்சு, மறந்துட்டியாக்கும்?"

"முட்ட ஞாபகம் இருக்கு" என்றார் சேவியர்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு சென்டரில் அவர்கள் பேசியது இவ்வளவுதான். அன்று அவர் அக்காவோடு வலையபட்டிக்குப் போனார். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ஆட்டத்தில் மலையிலிருந்து இறங்கும் வழியையும் எழுதிவிட வேண்டும் என்று இருவரும் பேசிவைத்தார்கள். அக்கா கட்டத் தாளில் படிகளை வரையத் தொடங்கியிருந்தார். நான் வேலை கிடைத்துச் சென்னைக்குக் கிளம்பிய அன்று, "நீங்க இல்லாட்டி யாரு தம்பி எங்களுக்கு எரர் வரும்னு சொல்றது?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பதில் சொல்லாமலே வந்தேன். அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. நானாவது போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

அடக்கத்துக்குச் சேவியர் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்தார். கதிரேசன் அண்ணனை ஒட்டி நின்றார். மண் போட்ட பிறகு என்னிடம் வந்து, "கேசட்டு உங்ககிட்டயா இருக்கு?" என்று கேட்டார். சென்டர் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

என்னிடம் இருப்பது முதல் நாள் வயர் போட்டுப் பதிந்த, வெட்டாத கோப்பு. சென்னைக்குத் திரும்பியதும் ஹெட்போனை மாட்டி, ஒலியைக் கூட்டிக் கேட்டேன். சென்டரின் ஸ்பீக்கரில் எங்கள் யாருக்கும் கேட்காத ஒன்று அதில் இருக்கிறது. பால் பொங்குது பாருடி என்று அம்மா சொன்னதும், வீட்டுக்குள் எங்கிருந்தோ இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் குரல் சொல்கிறது: "இந்தா போறேம்மா."

ஸ்டெல்லாக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த இரண்டு சொற்கள். கூட்டிக் கேட்கிறேன், குறைத்துக் கேட்கிறேன். வேறெதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.