ஊர் போகாத சைக்கிள்

சைக்கிளை விட்டு இறங்கு என்றால், பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்ட மாதிரி முகம் சுண்டிப்போகும் அந்தப் பிளம்பருக்கு. வேலைக்குப் போவது, கடைக்குப் போவது, சும்மா சுற்றுவது எல்லாமே சைக்கிளில்தான். அப்படிப்பட்டவர் ஒருநாள் சிக்னலில் நின்றிருந்தபோதே வலிப்பு வந்து சரிந்தார். தெளிந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். ரோட்டில் சைக்கிள் கூடாது, ஏணி கூடாது, மொட்டைமாடித் தொட்டிப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். ஏணி ஏறாத பிளம்பரை யார் கூப்பிடுவார்கள்? பைப்பு விற்கும் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

மாத்திரை வலிப்பை நிறுத்தியது. கூடவே மற்றதையும் நிறுத்திவிட்டது போலிருந்தது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிக் காதில் விழும், அவ்வளவுதான். மனைவி திட்டினால்கூடக் கோபம் வரவில்லை.

கடையில் மிஞ்சிய பெரிய பைப்புத் துண்டுகளைப் பார்த்ததும், கை தானாக ஒரு வேலையைத் தொடங்கியது. வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க ஒரு உருளைச் சட்டம். மூன்று உருளைகள், இரு முனையிலும் மர வட்டு, நடுவே இரும்புக் கம்பி, பேரிங். பின்சக்கரத்துக்கு அடியில் இரண்டு, முன்சக்கரத்துக்கு ஒன்று. முன்னுருளையும் சேர்ந்து சுற்ற ஒரு பெல்ட். எல்லாவற்றையும் தாங்க ஒரு மரச்சட்டம். சைக்கிளை எதிலும் கட்டுவதில்லை. மிதிக்கிற வேகத்தில்தான் அது நிற்கும்.

தையல் மெஷினில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, ரோட்டுல விழுந்தது போதாதுன்னு வீட்டுக்குள்ளயே விழப்போறீங்களா?"

"டாக்டர் ரோட்டைத்தானே சொன்னாரு?"

"அவரு நம்மள நல்ல புத்தி உள்ளவங்கன்னு நெனச்சிட்டாரு, பாவம்."

ஆனாலும் இரண்டு மெத்தைகளை இழுத்து வந்து இருபுறமும் போட்டார். சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். முதல் தடவை பிளம்பர் இடப்பக்கம் சாய்ந்தார், அடுத்த தடவை வலப்பக்கம். ஒரு மர வட்டின் துளை நடுவில் இல்லாததால் சைக்கிள் தடதடவென்று குலுங்கியது. கழற்றி, அரத்தால் ராவி, மறுபடி மாட்டினார். அதன் பிறகு ஓடியது. மனைவி மெதுவாகக் கையை எடுத்தார்.

சக்கரங்கள் இரைந்தன. சுவர் அங்கேயே நின்றது. இதற்காகத்தான் இத்தனை நாள் மெனக்கெட்டோம், இப்போதாவது மனசில் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் மனைவி.

பொய் சொல்லத் தோன்றியது. அதற்கும் தெம்பில்லை. "ஒண்ணுமே தோணல, இவளே."

மனைவி மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"தோணலன்னா போகட்டும். நேராப் பாத்து மிதிங்க."

நேராகப் பார்த்து மிதித்தார். மறுநாள் காலையும் ஏறினார்.