சொல்லாமல் போகிற வீடு

கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போனேன். கதவைத் திறந்தவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். "என்னப்பா, ஏதும் நடந்ததோ?" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை, சும்மா வந்தேன் என்றேன். சோறு போட்டாள், அன்பாகத்தான் போட்டாள். திரும்பும்போது ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுச் சொன்னாள்: "அடுத்த முறை ஒரு டெக்ஸ்ட் போட்டுட்டு வாங்கோ அப்பா, ப்ளீஸ். வீடு கிடந்த கிடைக்கு எனக்கு வெக்கமாப் போச்சு."

பெற்ற மகள் வீட்டுக்கு அப்பொயின்மென்ட் எடுத்துக்கொண்டு போக நான் என்ன பல்லுப் பிடுங்கவா போகிறேன்? எனக்குக் கோபம் சட்டென்று வரும், இறங்கத்தான் நாள் எடுக்கும். அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் தனியே இருக்கிறேன். எனக்கு நேர் எதிர்க்கதவு ஒரு சோமாலிக்காரருடையது. என் வயதுதான் இருக்கும், அவரும் தனி. காலம் முழுவதும் ரக்ஸி ஓட்டியவர். அவருடைய ஆங்கிலம் ரக்ஸியில் படித்தது, என்னுடையது நான் வேலை செய்த பிறம்ரன் வெயார்ஹவுஸில் படித்தது. இரண்டும் நன்றாகப் பொருந்திப் போயின. காலையில் கீழே பிளாசாவில் இருக்கும் கோப்பிக் கடையில் சந்தித்தோமென்றால் மத்தியானம் வரை இந்த நாட்டைத் திட்டிக்கொண்டிருப்போம்.

திட்டுவதற்கு எங்களுக்கு விருப்பமான விஷயம் ஒன்றுதான். இங்கே யாரும் யார் வீட்டுக்கும் சொல்லாமல் போவதில்லை. அவருடைய ஊரில் வாசலில் வந்து நிற்பவனுக்கு முதலில் பாலும் சாப்பாடும், பிறகுதான் எங்கிருந்து வருகிறாய் என்ற கேள்வி. என்னுடைய ஊரில் பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் புகுந்து நேரே குசினிக்குள் போய் நிற்கலாம், சட்டியில் இருப்பதுதான் சாப்பாடு. இவற்றை நாங்கள் ஒருவருக்கொருவர் எத்தனை தரம் சொன்னோமோ தெரியாது. ஒவ்வொரு தரமும் பால் கூடியது, சட்டியில் மீனும் கூடியது.

ஒரு வசந்தகாலத்தில் அவர் தன் ஊரான ஹர்கெய்சாவுக்குப் போனார். இனி வரமாட்டேன் என்று வீட்டுச் சாமானையெல்லாம் யார் யாருக்கோ தந்துவிட்டு, எனக்குக் கைகொடுத்துவிட்டுத்தான் போனார். கோடை முடியுமுன் பழைய வீட்டுக்கே திரும்பி, அதே கோப்பிக் கடையில், அதே மேசையில் வந்து இருந்தார். என்ன நடந்தது என்று நான் விடாமல் கேட்டதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தங்கை மகனுடைய வீட்டுக்குப் பெட்டியுடன் போய் இறங்கினாராம். மருமகன் கட்டிப்பிடித்துவிட்டு, மாமா எந்த ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறார் என்று கேட்டானாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அங்கேதானே தங்குவார்கள் என்ற எண்ணம் அவனுக்கு. ஒரு கலியாண வீட்டில் இவர் தன் தகப்பன் காலத்துப் பாட்டொன்றை எடுத்துவிட, இளசுகள் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்களாம். "நான் பேசுவது பழைய வானொலி மாதிரி இருக்கிறதாம்," என்றார். சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் கோப்பியைக் குடிக்கவில்லை.

எனக்கு அவரில் இரக்கம் வந்தது. அதைவிடக் கொஞ்சம் பெருமையும் வந்தது, அதை மறைப்பானேன். உங்கள் ஊர் அப்படி, எங்கள் ஊர் அப்படியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அந்த மார்கழியில் நானும் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்தில் அண்ணன் இருக்கிறார். நாங்கள் பிறந்த வீட்டு வளவிலே எனக்கும் பாதி உரிமை, ஒரு அறை போதும், மிச்சக் காலத்தை அங்கே கழித்துவிடலாம் என்பது என் திட்டம். வீட்டைப் பூட்டி, மகளிடம் திறப்பைக் கொடுத்து, நான் சொன்னதும் அப்பார்ட்மென்டை விட்டுவிடு என்றேன். அவள், "யூ ஆர் சோ ட்ரமாட்டிக், அப்பா," என்று கட்டிப்பிடித்தாள். அண்ணனுக்கு நான் அறிவிக்கவில்லை. அறிவித்துவிட்டுப் போனால் அது என்ன ஊர்?

விமான நிலையத்தில் பிடித்த வான் என்னைப் பின்னேரம் அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. வேலி இருந்த இடத்தில் ஆள் உயர மதில், இரும்பு கேற், அதற்குமேல் ஒரு கமெரா. "அண்ணை! அண்ணை!" என்று கத்தினேன். உள்ளே நாய்தான் பதில் சொன்னது. பக்கத்து மதிலுக்கு மேலால் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"கனடா அண்ணையோ? அவையள் ஒரு பார்ட்டிக்குப் போயிட்டினம். ஒரு போன் கோல் எடுத்திட்டு வந்திருக்கலாமே."

பெட்டியின்மேல் இருந்தேன். தெருவால் போனவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் பிறந்த வளவுக்கு வெளியே, சாமான் விற்க வந்தவனைப் போல இருட்டும்வரை இருந்தேன்.

அண்ணன் வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது பொய்யான அழுகை அல்ல. உள்ளே கூட்டிப்போய், தேத்தண்ணி வருமுன் கேட்டார்:

"எத்தினை கிழமை நிக்கிறாய்?"

'இனிப் போகேல்ல அண்ணை' என்ற வசனத்தை ரொறன்ரோவிலிருந்து நாக்கிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். எங்கெங்கே கூட்டிப்போகலாம், யார் யாருக்கு விருந்து சொல்லலாம் என்று கணக்குப் போடுகிற, ஆசை நிறைந்த முகம்.

"மூண்டு கிழமை," என்றேன்.

"நல்லது, நல்லது. எல்லா இடமும் சுத்த அது காணும்," என்றார் அண்ணன்.

மேல்மாடியில் ஏசி போட்ட அறை ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே கட்டியதாம், அதற்குக் கனடா றூம் என்றே பெயர். போத்தல் தண்ணீர், புதுத் துவாய், வயிற்றுக்கு ஒத்துவராது என்று உறைப்புக் குறைத்த கறி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், எனக்கு அது மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் நடந்தது. ஒருநாளாவது, இந்தா உறைப்புச் சம்பல், அள்ளித் தின் என்று யாராவது என்னை அதட்டமாட்டார்களா என்று ஏங்கினேன்.

அண்ணனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய கூட்டாளிகளைத் தேடிப் போனேன், சொல்லாமல்தான். போன வீடெல்லாம் ஒரே கலவரம். ஒருத்தி உள்ளே ஓடி உடுப்பு மாற்றினாள், ஒருவன் சோடா வாங்க மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான், பேசவேண்டியவன் அவன்தான். கடைசியில் அண்ணன் மனைவி மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, போறதுக்கு முதல் ஒருக்காக் கோல் எடுங்கோ. அவையளுக்கும் வேலை இருக்குமெல்லே."

என் மகளின் குரலேதான். அண்ணன் வீட்டில் யாரிலும் ஒரு பிழை இல்லை. பிழை இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. சண்டைக்கு இடமில்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய தனிமையாக இருந்தது.

திரும்பி வந்த ரொறன்ரோவில் பனி முழங்கால் அளவுக்குக் கொட்டியிருந்தது. மகள் விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்து விட்டு, திறப்பைத் தந்து, ஒன்றும் கேட்காமல் போனாள். கெட்டிக்காரி. வரவேமாட்டேன் என்ற வீம்பில் மேசையையும் கதிரைகளையும் போகுமுன் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தேன். அவர்களுடைய காருக்குள் கொள்ளாமல் விட்டுப்போன ஒரு கதிரை மட்டும் கிடந்தது. அதில் குந்தியிருந்து இரண்டு நாள் சுவரைப் பார்த்தேன். மூன்றாம் நாள் பின்னேரம், கோப்பிக் கடைக்குப் போய் அந்தச் சோமாலிக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால் எதிரே அவருடைய கதவு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் நான் அந்தக் கதவைத் தட்டியதில்லை. அவரும் என்னுடையதைத் தட்டியதில்லை. ஊரைப் பற்றி வாய் கிழியப் பேசிய இரண்டு பேருக்கும் நடுவில் நாலு எட்டு வைக்கும் தூரம்தான்.

தட்டினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த தொலைக்காட்சி சட்டென்று நின்றது. கதவின் கண்ணாடித் துளை இருண்டது. சங்கிலி போட்டபடி கதவு கொஞ்சம் திறந்தது.

"யார் செத்தது?" என்றார்.

"ஒருவரும் இல்லை. தேநீர் குடிக்கலாம் என்று வந்தேன்."

சங்கிலியைக் கழற்றினார், ஆனால் வழிவிடவில்லை. அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். மேசையோடு ஒரு கதிரை, வேறொன்றும் இல்லை. அவரும் போகும்போது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போனவர் அல்லவா. கீழே போவோமா என்று கேட்டார். எனக்கு வீம்பு வந்தது. பொறுங்கள் என்று சொல்லி, என் வீட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருடைய மேசைக்கு மறுபக்கத்தில் போட்டு இருந்தேன்.

அவர் ஏலமும் கறுவாப்பட்டையும் போட்டுத் தேநீர் வைத்தார். நல்ல தேநீர். கோப்பிக் கடையில் மூச்சுவிடாமல் பேசுகிற எங்களுக்கு அங்கே ஒரு சொல்லும் வரவில்லை. யாழ்ப்பாணத்தைச் சொல்ல வாயெடுத்தேன், அந்த அமைதியான அறையில் அது ஒரு கதையாகவே தெரியவில்லை. அவர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்குப் போக எங்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கு மறந்துவிட்டது. எப்படி இருப்பதென்று எனக்கும் மறந்துவிட்டது. இதற்கு இந்த நாட்டையும் ஊரையும் பிழை சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

தேநீரைச் சூட்டோடு விழுங்கிவிட்டு எழும்பினேன். எழும்புகிற விருந்தாளியை இன்னும் கொஞ்சம் இருங்கோ என்று மறிப்பது எங்கள் வழக்கம், அவர்களுடைய வழக்கமும் அதுதான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்காக ஒரு நிமிடம் நின்றேன். அவர் போய்க் கதவை அகலமாகத் திறந்துவிட்டார், கதிரை இடிபடாமல் போவதற்கு. நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.