பேர் மரம்

பாடாங் செராய் ஊருக்கு வெளியே, பழைய பெரட்டுக் களத்தில் நிற்கும் மயிற்கொன்றைக்கு நகராண்மைக் கழகம் ஒரு தகரத்தில் லத்தீன் பெயர் எழுதி ஆணி அடித்திருக்கிறது. ரப்பர் தோட்டத்து மக்களுக்கு அது ‘பேர் மரம்’. காதலர்கள் பெயர் செதுக்குவதால் அப்படி ஆனது என்கிறார்கள் இப்போதைய பிள்ளைகள். செதுக்குகிறார்கள்தான், ஆனால் பெயர் அதற்கு முந்தியது.

ஜப்பான்காரன் காலம். எனக்கு ஏழு வயது. விடியுமுன் பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் அந்த மரத்தடியில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு, கூடவேண்டும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிப்பார். உரியவர் பதில் சொல்லவேண்டும். ஒருநாள் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியல் வந்தது. அதில் அம்மாவின் தம்பி பெயரும் இருந்தது. மாமா மரத்துக்குப் பின்னால் பதுங்கினார். கூட்டம் கலைந்ததும் பாலிங் காட்டுக்கு ஓடிவிடுவதாக ஏற்பாடு.

கிராணி இரண்டு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. எங்கள் ஜப்பான் பள்ளியில், கூப்பிட்டதும் ‘ஹை’ சொல்லாதவருக்குக் கன்னத்தில் அறை விழும். மாமாவை அடிப்பார்களே என்று பதறிப்போய் நான் கத்தினேன்.

“ஹை! மாமா மரத்துக்குப் பின்னால நிக்கிறாரு!”

ஜப்பான் சிப்பாய் மாமாவை இழுத்து வந்தான். லாரியில் ஏறும்போது மாமா என் தலையில் தட்டினார். “கெட்டிக்காரி! எனக்கும் சேத்து நீயே பதில் சொல்லிட்டியா? மூணு மாசந்தான்லா, வந்துருவேன்.”

பெரட்டுப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிக்கத் தாள் வேண்டும். செத்தவருக்கு ஒரு தாள், ஓடியவருக்கு வேறொரு தாள். சயாமுக்குப் போனவரைப் பற்றி எந்தத் தாளும் வரவில்லை. ஆகவே கிராணி தினமும் முறைப்படி மாமாவின் பெயரை வாசித்தார். முறைப்படிச் சற்றுக் காத்திருந்தார். ‘இல்லை’ என்று குறித்தார்.

மாதங்கள் கழித்து ஒரு விடியல். காற்றே இல்லை, பூ மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தது. மாமாவின் பெயர் வாசிக்கப்பட்டது.

“இருக்கேங்க.”

மரத்துக்குப் பின்னாலிருந்து, சளி கட்டிய மாமாவின் குரல்.

“யாருடா அது? வெளையாடாதீங்கலா!” கங்காணி விளக்கோடு மரத்தைச் சுற்றி வந்தார். யாருமில்லை. பதில் வந்துவிட்டதால் கிராணி ‘ஆஜர்’ என்று குறித்தார். ‘பேர் மரம்’ என்பது மரத்துக்கு அன்றைக்கு வந்த பெயர்தான்.

அந்த நேரத்தில் அம்மாவின் உள்ளங்கை என் வாயை இறுகப் பொத்தியிருந்தது. மாமா போன மறுநாளிலிருந்தே பெரட்டில் அப்படித்தான் பொத்திக்கொள்வாள். பனி உள்ளே போகாமலிருக்க என்று நான் நினைத்திருந்தேன்.