நண்டுக்குப் பதில் சொல்லாத முயல்

ஒரு விஷயத்தை மொதல்லயே ஒத்துக்கறேனுங்க. எனக்கு வீடியோ கேம் வெளையாடத் தெரியாது. அந்த ரிமோட் மாதிரி சாமானைக் கையில குடுத்தா தலைகீழாத்தான் புடிப்பேன். இந்த லட்சணத்துல ஒரு வீடியோ கேமுக்கு முழுசா வசனம் எழுதிக் குடுத்துபோட்டேன். எழுதுனதோட உட்டனா? போன வெள்ளிக்கிழமை அந்தக் கேமையே கவுக்கப் பாத்தேன்!

என் அக்கா பொண்ணு கௌசல்யா. எங்களுக்குக் கௌசி. ஐடி வேலைய உட்டுப்போட்டு, ரெண்டு சிநேகிதிங்களோட சேந்து கேம் பண்றா. துடியலூர்ல ஒரு கிரைண்டர் கடைக்கு மேல மாடியில ஆபீஸ். கேமோட ஹீரோ ஒரு முயல்.

"முயல் கையில துப்பாக்கி இருக்குமா கண்ணு?"

"இருக்காதுங் மாமா."

"கத்தி?"

"வாய் மட்டுந்தான் இருக்கும்."

அட, நம்மாளு!

சீனா, ஜப்பான், கொரியான்னு அந்தப் பக்கத்து முயல் கதையெல்லாம் கௌசி எனக்குச் சொன்னா. சீனாக்காரங்களுக்கு நிலாவுல ஒரு முயல் உக்காந்து மருந்து இடிச்சிட்டே இருக்குதாம். ஜப்பான்காரங்களுக்கு அதே முயல் அரிசி மாவு இடிக்குதாம். "கீழ் கடையிலிருந்து ஒரு கிரைண்டரை அனுப்பி வெச்சா அதுக்குத் தோள்வலி இல்லாம இருக்குமே"ன்னேன். கௌசி சிரிக்கல.

ஜப்பான்ல இன்னொரு முயல். தீவுல மாட்டிக்கிச்சு, கடலைத் தாண்டணும். சுறாமீனுங்களைக் கூப்பிட்டு, "உங்க சொந்தம் பெருசா, எங்க சொந்தம் பெருசா? வரிசையா நில்லுங்க, எண்ணிப் பாத்தர்லாம்"னு சொல்லி, அதுங்க முதுகு மேலயே தாவித் தாவிப் போயிருச்சு. சொந்தம் பெருசாங்கற சண்டையக் கேட்டதும், இது காங்கேயம் பக்கத்து முயலோன்னு எனக்குச் சந்தேகம். ஆனா கரை சேர ஒரு அடி பாக்கி இருக்கறப்ப, "ஏமாந்தீங்களா!"ன்னு வாயை உட்டுச்சு பாருங்க... கடைசி சுறா தோலை உரிச்சிருச்சு.

கொரியாவுல கடல் ராஜாவுக்குச் சீக்கு. முயல் ஈரல்தான் மருந்து. ஒரு ஆமை போயி நைசாப் பேசி முயலைக் கூட்டிட்டு வந்துருச்சு. வந்த முயல் என்ன பண்ணுச்சு? "ஈரலை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேனே, போய் எடுத்துட்டு வர்றேன்"னு சொல்லித் தப்பிச்சிருச்சு. ராஜாவும் நம்பிட்டாரு! இந்தக் கதைதான் கௌசியோட கேம்.

"இந்த முயலுங்க சண்டை போட்டா செத்துரும் மாமா. பேசித்தான் பொழைக்கணும். என்ன பொய் சொல்றது, எப்பச் சொல்றது, எப்ப வாயை மூடறது... இதுதான் ஆட்டமே. சும்மா இருக்கறதுக்கே தனியா ஒரு பட்டன் வெச்சிருக்கோம். வசனத்தை நீங்கதான் எழுதித் தரோணும்."

யோசிச்சுப் பாருங்க. பலசாலிக்குக் கதை எதுக்கு? ஓங்கி ஒரு அடி, முடிஞ்சுது. பலமில்லாதவன்தான் ஏதாவது சொல்லியே ஆகணும். கேம்காரங்க எதுக்கு இத்தனை வருசமாத் துப்பாக்கியவே தூக்கிட்டுத் திரியறாங்கன்னு எனக்குப் புரியல.

சரின்னு எழுதுனேன். எழுதறவன் கோயமுத்தூர்க்காரனாச்சே... கடல் ராஜா ஈரலைக் கேக்கறதே எப்படின்னா — "ஏனுங்க முயலு, சிரமத்துக்கு மன்னிக்கோணும், உங்க ஈரலைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா நல்லாருக்குமுங்க." அதுக்கு முயல் — "அடடா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லீருந்தீங்கன்னா கையோட கொண்டாந்திருப்பனேங்க!"

இது வரைக்கும் பரவால்லை. அரமனை வாசல்லதான் தப்புப் பண்ணுனேன்.

நம்ம பக்கம் ஒரு வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்? அங்க இருக்கற ஒவ்வொருத்தரும் "வாங்க"ன்னு கேப்பாங்க. நாமளும் ஒவ்வொருத்தருக்கும் "வர்றேங்க"ன்னு சொல்லோணும். ஒருத்தருக்குச் சொல்லாம உட்டாலும் போச்சு. அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிக்கை வராது. அந்தப் பழக்கத்துல, முயலு அரமனைக்குள்ள நுழையறப்ப வாசல்ல நிக்கற மீன், இறால், நண்டு எல்லாத்தையும் "வாங்க" கேக்க வெச்சேன். ஒரு சிரிப்புக்காகக் கீழ ஒரு வரியும் சேத்தேன் — 'எல்லாருக்கும் பதில் சொன்ன பொறவுதான் கதவு தொறக்கும்.'

அந்தப் புள்ளைங்க அதை அப்படியே கேம்ல ஏத்திப்போட்டாங்க. நெசமாலுமே கதவு தொறக்காது!

வெள்ளிக்கிழமை, கேம் வெளியிடற கம்பெனியிலிருந்து ஒரு மேடம் பெங்களூர்லருந்து வந்தாங்க. புடிச்சிருந்தா கேமை முடிக்க உதவுவாங்க. புடிக்கலைன்னா ஆபீஸை மூடறதுதான். கௌசி பழைய வேலைக்கு ஹைதராபாத் திரும்போணும். பேக் பண்ணக்கூட ஆரம்பிச்சுட்டான்னு அக்கா போன்ல அழுதுச்சு.

மேடம் வெளையாட உக்காந்தாங்க. ஆமை வந்துச்சு, கூட்டிட்டுப் போச்சு. அரமனை வாசல். மீனுக்கு "வர்றேங்க". இறாலுக்கு "வர்றேங்க". கதவு தொறக்கல. திரும்ப ஒரு சுத்து. தொறக்கல.

மேடம் புருவம் சுருங்குது. கௌசி மொகம் வெளுத்துப்போச்சு. பக்கத்துல இருந்த சிநேகிதி மெதுவா, "கேம் ஹேங் ஆயிருச்சாடி?"ன்னு கேட்டா. கீழ கடையில கிரைண்டரை ஓட்டிக் காட்டற சத்தம் மட்டும் கேக்குது. எனக்குப் பொறத்தால வழியா ஓடிரலாமான்னு இருந்துச்சு. மாடிக்கு ஒரே படிதான்.

அப்பறம் மேடம், முயலை ஒரு பாறைக்குப் பின்னால கொண்டு போனாங்க. அங்க, நாங்க எல்லாருமே மறந்துபோன அந்த நண்டு மூஞ்சியத் திருப்பிட்டு உக்காந்திருக்குது. மேல எழுத்து வருது — "நானும் வாங்கன்னு கேட்டேன். காதுலயே உழுகலையாக்கும்."

மேடம் அதைச் சத்தமாப் படிச்சாங்க. அப்பறம் சிரிச்சாங்க பாருங்க, கண்ணாடியக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுட்டுச் சிரிச்சாங்க.

"இது எங்க மாமனார் தம்பி! எனக்குப் புகுந்த வீடு பொள்ளாச்சி. கல்யாணமாகி வந்த அன்னைக்கு இவருக்கு மட்டும் பதில் சொல்லாம உட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேச்சில்ல!"

நண்டுக்கு "வர்றேங்க" சொன்னாங்க. கதவு தொறந்துச்சு. மேடம் கையைத் தட்டிட்டு, "எத்தனை கேம்ல சாவியத் தேடியிருப்பேன்! இந்த மாதிரி ஒரு கதவை நான் பாத்ததே இல்லை. யாரோட யோசனைங்க இது?"ன்னாங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாயைத் தொறந்துட்டேன். "அதுங்க மேடம், உண்மையச் சொல்லோணும்னா, அது தெரியாத்தனமா..."

"மாமா!" கௌசி எந்திரிச்சே நின்னுட்டா. "கீழ பேக்கரில எல்லாருக்கும் டீ சொல்லீட்டு வந்தர்றீங்களா? இப்பவே."

போயிட்டேனுங்க. அவ பாத்த பார்வைக்கு அந்தக் கடைசி சுறாவே பரவால்லை.

டீயும் தேங்கா பன்னுமா மேல வந்தா, மூணு புள்ளைங்களும் கட்டிப்புடிச்சுட்டுக் குதிக்கறாங்க. முழுக் கேமையும் முடிங்க, நாங்க வெளியிடறோம்னு மேடம் சொல்லீட்டாங்களாம். கௌசி அங்கயிருந்தே அக்காவுக்குப் போன் போட்டு, "பெட்டியப் பிரிச்சு வெய்யிம்மா!"ன்னு கத்துனா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. டீ சூடுன்னு சமாளிச்சேன்.

மேடத்தைக் காருல ஏத்தி உட்டுட்டு வர்றப்ப, காலரைத் தூக்கி உட்டுட்டுக் கேட்டேன். "ஏன் அம்மணி, ஊர்ல எத்தனையோ பேரு எழுதறாங்க. அத்தனை பேரையும் உட்டுப்போட்டு என்னைய எடுத்தியே... எம்பட எழுத்து அவ்வளவு புடிக்குமா?"

கௌசி டீ டம்ளரை அடுக்கிட்டே சொன்னா:

"இல்லீங் மாமா. 'இந்த மனுசன் நாள் முழுக்க ஊட்டுலயே இருக்கறாரு, எங்கியாச்சும் கூட்டிட்டுப் போ கண்ணு'ன்னு அத்தைதான் கெஞ்சுனாங்க."