முத்திரை அழியாத செருப்பு

தேவசகாயத்தைக் கட்டிலோடு கட்டிப்போட வைத்தவன் நான். அவருக்கு மயக்கம் என்பது ஒருநாளும் வந்ததில்லை. வருகிறது என்று சொன்ன வாய், இதோ, உன்னிடம் பேசிக்கொண்டிருக்கும் இதே வாய்!

சிரிக்காதே. என்னைப் பார்த்தால் எவருக்கும் சிரிப்பு வரும், அது என் முகராசி. ஆம்பூருக்குப் பக்கத்தில், ஆதரவற்ற கிழவர்களுக்காக மிஷன் நடத்தும் விடுதியில் நான் மேற்பார்வையாளன். பெரிதாக எண்ணிவிடாதே... யார் கஞ்சியைக் குடித்தார், யார் துப்பினார் என்று பார்க்கும் உத்தியோகம். அதுவும் அப்போது தற்காலிகம்.

அந்த வருஷம், தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் முதலாளி பதினான்கு கிழவர்களுக்கும் புதுச் செருப்பு கொடுத்தார். வாழ்நாளெல்லாம் வெறுங்காலில் நடந்தவர்களுக்கு! அடித்தோலில் ஷாப்பின் முத்திரை. கலெக்டர் துரையின் மனைவி விடுதியைப் பார்க்க வரும் அன்று எல்லாரும் அதைப் போட வேண்டும், துரைசானிக்கு முத்திரையைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அது நிறைவேறினால் என் வேலை நிலைக்கும் என்பது என் ஆசை.

தேவசகாயம் செருப்பை வாங்கியதும் கவிழ்த்தார். கட்டை விரலால் தடவினார். நாற்பது வருஷம் ஷாப்பில் தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டிய கை அது.

“தம்பி, வழவழப்புப் பக்கத்த கீழ வச்சுத் தெச்சிருக்கான். இந்தச் சிமெண்டுத் தரையில கால் நிக்காது. ஒரு செங்கல்லு குடு, எல்லாத்தையும் கொஞ்சம் தேய்ச்சு வுட்டுர்றேன்.”

தேய்த்தால் முத்திரை போய்விடுமே!

“இன்னா பெரியவரே, நாப்பது வருஷம் சொரண்டியும் கை அரிப்பு அடங்கலியா? செங்கல்லக் குடுத்தா அப்பறம் என்னையும் கவுத்துப் போட்டுத் தேய்ப்பீங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுச் செருப்பைக் கட்டிலடியில் வைத்தார். ஒரு நியாயமான பேச்சை அடக்கச் சிரிப்பைப் போல் வேறு ஆயுதம் உண்டா, சொல்!

துரைசானி வந்தாள். கிழவர்களை ஒவ்வொருவராக முன்னே வந்து சலாம் வைக்கச் சொன்னேன். அன்று காலை தாழ்வாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டு மினுக்கிய புண்ணியவானும் நானே. தேவசகாயம் மூன்றாவது அடி வைத்தார்... கால் முன்னே ஓடிற்று, உடம்பு பின்னே சாய்ந்தது. அடித்தோல் இரண்டும் துரைசானியின் முகத்துக்கு நேராக! முதலாளி விரும்பியபடியே முத்திரை நன்றாகத் தெரிந்தது.

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது.

“என்ன ஆயிற்று?” என்று விடுதிப் பாதிரியார் ஓடி வந்தார்.

“மயக்கம், ஐயா,” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “அடிக்கடி வரும்.”

அந்த ‘அடிக்கடி’யை என்னிடம் யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை! வாய்க்கொழுப்பு... பொய்யையும் தாளித்துப் பரிமாறினேன்.

டாக்டர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். அடிக்கடி மயங்குகிறவர் நடமாடினால் மறுபடி விழுவார், பாதுகாப்புக்காகக் கட்டிலில் கட்டி வையுங்கள் என்று உத்தரவு. பாதுகாப்பு! பிணங்கூடத்தான் விழுவதில்லை! கால்கள் இரண்டும் திடமாயிருந்த மனிதர். தினம் காலையில் பாலாற்று மணல் வரை நடந்து திரும்புகிறவர். எனக்கு மயக்கமே இல்லை என்று அவரும் சொல்லிப் பார்த்தார். மயங்குகிறவனுக்குத் தான் மயங்கியது தெரியாது என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

அவர் இடுப்பின் மேல் தோல் வாரைப் பூட்டும் வேலை யாருக்கு வாய்த்தது என்கிறாய்? மேற்பார்வையாளனுக்கு!

முதல் நாள் வாரைத் தடவிப் பார்த்தார். “நல்ல பதம். எருமத் தோலு. சீக்கிரத்துல அறாது.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “எனக்கு மயக்கம் இல்லன்னு உனக்குத் தெரியுமில்ல, தம்பி?”

பாதிரியாரின் அறை பத்தடி தூரம். போய்ச் சொன்னால் வார் அவிழும். என் வேலையும் போகும்.

“மயக்கம் யாருக்குத்தான் இல்ல, பெரியவரே? எனக்குச் சோத்தப் பாத்தாலே வருது.”

பக்கத்துக் கட்டில்களில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன்பிறகு என் பேச்சு எதற்கும் சிரிக்கவேயில்லை.

மறுநாள் செங்கல்லை எடுத்தேன். மற்றப் பதின்மூன்று ஜோடியையும் தேய்த்தேன். எவரும் விழவில்லை! “எவ்வளவு கவனமான மனிதர்!” என்று பாதிரியார் மெச்சி வேலையை நிரந்தரமாக்கினார். நான்... பல்லை இளித்தேன். செருப்பால் அடிக்க வேண்டாமா என்னை?

அடுத்த மழைக்காலத்துக்குள் தேவசகாயத்தின் கால்கள் குச்சியாயின. இனி அவரால் எழவே முடியாது என்று தெரிந்த பிறகுதான் வாரை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தேன். அவர் நகரவில்லை. கிறிஸ்துமசுக்கு முன்பே போய்விட்டார்.

அவருடைய ஜோடி என்னிடம் இருக்கிறது. மூன்றே அடி நடந்த செருப்பு. முத்திரையில் ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. என் காலுக்குச் சிறியது. ஆயினும், தாழ்வாரத்தைக் கழுவிய ஈரம் காயுமுன், அதை மாட்டிக்கொண்டு நடக்கிறேன். கோமாளி நடக்கிறான் என்று கிழவர்கள் கைதட்டுகிறார்கள்.

சறுக்குகிறது... ஒவ்வொரு அடியும் சறுக்குகிறது. விழமாட்டேன் என்கிறேனே, பாவி!