தூளியில் ஆடிய பெட்ரோல் டேங்க்

1994 மே 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். கத்திரி வெயில் தொடங்கி ஐந்தாம் நாள். வானத்தில் மேகமில்லை, கடற்காற்றும் இல்லை. அடையாறு பாலத்தின் சரிபாதியில் என் மோட்டார் சைக்கிள் நின்றது. அந்த வருடத்தில் அது ஏழாவது முறை. பின்சீட்டில் என் மனைவி.

டேங்குக்கு அடியில் இருந்த குழாயைக் கழற்றினேன். டிகாக்‌ஷன் நிறத்தில் நாலு சொட்டு வந்தது. பிறகு வெறும் துரு.

"ஏன்னா, இன்னும் எத்தனை நாள் இதைக் கட்டிண்டு அழப்போறேள்?"

"டேங்க்தான் துரு. சுத்தம் பண்ணிட்டா ஓடும்."

"சரி. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆத்துலேர்ந்து பெசன்ட் நகர் பீச்சுக்குப் போயிட்டுத் திரும்பி வரணும். நடுவுல ஒரு தடவை நின்னாலும் திங்கக்கிழமை பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுடுவேன்."

ஒப்புக்கொண்டேன். வெயிலில் பாலத்தின் மேல் நிற்பவன் எதற்கும் ஒப்புக்கொள்வான். அவள் ஆட்டோவில் போனாள். நான் மயிலாப்பூரில் எங்கள் வீடு வரை வண்டியைத் தள்ளினேன். எண்ணிப் பார்த்ததில் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு காலடி. இருபத்தாறு வருடம் என்னைச் சுமந்த வண்டியை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாடலுக்குப் புது டேங்க் கிடைப்பதில்லை. உள்ளே நட்டுகளைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கினால் துரு உதிரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். திங்கட்கிழமை காலை ஐம்பது நட்டு வாங்கி, டேங்கைக் கழற்றி, ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன். மண்ணெண்ணெய் எடுத்துவந்து ஊற்றி, மூடியை இறுக்கிக் குலுக்கத் தொடங்கினேன். நூற்றெண்பதாவது குலுக்கலில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

என் மனைவி சற்று நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பழைய நூல் புடவையோடு வந்தாள். கூடத்து விட்டத்தில் எங்கள் இரண்டு பெண்களுக்கும் தூளி கட்டிய கொக்கி இன்னும் இருந்தது. அதில் தூளி கட்டி, டேங்கைப் படுக்கவைத்து ஆட்டினாள். பாத்திரக் கடை மாடிப்படியில் உருளுவதைப் போல ஒரு சத்தம். மாடி வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமி, தூளியெல்லாம் கட்டியிருக்கேள்?"

"மூணாவது. அப்பா ஜாடை. எப்பப் பார்த்தாலும் கடகடன்னு சத்தம்."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் என் கணக்கு ஒரு முறை தவறியது. திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினேன். ஆயிரத்து ஐந்நூறு ஆட்டம் முடிந்ததும் அவள் சமையலுக்குப் போனாள். நான் முற்றத்தில் நட்டுகளைக் கொட்டி எண்ணினேன். ஐம்பது. பரம திருப்தி.

அடுத்து ஒரு கிலோ புளியைக் கரைத்து ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டேன். குத்துவிளக்குக்குச் செய்கிற வைத்தியம்தான். புதன்கிழமை மாலை சோடா உப்புத் தண்ணீர் விட்டு அலசினேன். உட்புறம் வெள்ளி மாதிரி மின்னியது. ஆனால் அடியில் ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டைகள். உள்ளே ஏதோ உருளும் சத்தமும் கேட்டது. நட்டுக் கணக்கு சரியாக இருந்ததால், காதுதான் தப்பு என்று தீர்மானித்தேன்.

ஓட்டைக்கு வழி லைனிங், அதாவது உட்புறம் முழுக்க ஒரு பூச்சுதான். பெசன்ட் நகருக்கு அருகே குப்பத்தில் ஒருவர் ஃபைபர் படகுகளுக்கு ரெசின் பூசிக்கொண்டிருப்பதைக் கடற்கரை நடையில் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை டேங்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். பக்கத்தில் என் மனைவி. நான் ஏமாந்துவிடுவேனாம்.

"இன்னா நைனா, போட்டுக்கு ஊத்துறத பைக்குக்கு ஊத்தச் சொல்றே? கடல்ல ஓட்டப் போறியா?" என்றார் படகுக்காரர்.

"பாலத்தைத் தாண்டினா போதும்."

அவர் ரெசினில் ஹார்டனரைக் கலக்கி உள்ளே ஊற்றினார். "இருவது நிமிசம்தான் ஓடும். அப்பால இறுக ஆரம்பிச்சிடும்." குழாய் ஓட்டையை முன்பே அடைத்திருந்தோம். டேங்கை இடமும் வலமும், தலைகீழாகவும் உருட்டினோம். ஆறாவது நிமிடம், டங்.

"நைனா, உள்ள இன்னாமோ கீது."

"இருக்காது. ஐம்பது போட்டேன், ஐம்பது எடுத்தேன்."

"ஐம்பத்தொண்ணு," என்றாள் என் மனைவி.

நான் உருட்டுவதை நிறுத்தினேன்.

"நீங்க மண்ணெண்ணெய் எடுக்கப் போனப்போ ஒண்ணு சேர்த்துப் போட்டேன். ஆத்துல கிடந்தது. நல்ல காரியத்துக்கு யாராவது மொட்டையா ஐம்பதுன்னு போடுவாளா?"

"மொய் எழுதினியா? நட்டுடி அது!"

"எம்மா, உங்க கல்யாணத்த அப்பால வச்சிக்குங்க. சூடு ஏறிக்கினு கீது!" என்று படகுக்காரர் கத்தினார்.

மிஞ்சிய ரெசினைச் சாய்த்து ஊற்றினோம். நட்டு வரவில்லை. வாய்க்குள் இருந்த விளிம்பு தடுத்தது. அது குழாய் ஓட்டையில் போய் உட்கார்ந்து இறுகினால் எல்லாம் முடிந்தது. மணலில் மூன்று பேரும் டேங்கைத் தலைக்கு மேல் தூக்கி உதறினோம். எனக்கு அறுபத்தொரு வயது, அவளுக்கு ஐம்பத்தாறு. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுக் கைதட்டினார்கள்.

"வராது நைனா. எங்க குந்தணுமோ அங்க குந்த வச்சிடுவோம்." குழாய்க்கு எதிர் மூலைக்கு நட்டு உருளும்படி டேங்கைச் சாய்த்தார். அப்படியே அசையாமல் பிடிக்கச் சொன்னார். நாற்பது நிமிடம் பிடித்தோம். ஒவ்வொரு நிமிடத்தையும் நான் உரக்கச் சொன்னேன். முப்பதாவதிலிருந்து என் மனைவியும் சேர்ந்து சொன்னாள். இறுகிய பிறகு தட்டிப் பார்த்தோம். நட்டு மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று ஓட்டைகளுக்கும் வெளியே அவரே ஃபைபர் துணியில் பட்டை போட்டார்.

டேங்கை மாட்டி, முதலில் வடித்துவைத்த பெட்ரோலையே திரும்ப ஊற்றி, ஞாயிறு காலை ஆறு பத்துக்குக் கிளம்பினோம். பாலம் ஏறும்போது அவள் விரல்கள் என் தோளில் புதைந்தன. பாதி வந்தது. வண்டி நிற்கவில்லை. நான் விளக்குக் கம்பங்களைக் கத்தி எண்ணினேன், பால்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். கடற்கரையில் இறங்காமலே வண்டியைத் திருப்பினேன். மறுபடி பாலம், மறுபடி கம்பங்கள். வீட்டு வாசல் வந்ததும் வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தாதேங்கோ! போயிண்டே இருங்கோ!"

தேனாம்பேட்டை போனோம். திரும்பி நந்தனம் போனோம். அங்கே வண்டி இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அவள் இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். இரும்புக்காரன் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

நட்டு, மண்ணெண்ணெய், புளி, சோடா உப்பு, ரெசின், படகுக்காரர் கூலி, போக வர ஆட்டோ, கடைசியாக நந்தனத்தில் போட்ட இரண்டு லிட்டர் பெட்ரோல், எல்லாம் சேர்த்து முந்நூற்று இருபத்தொன்பது ரூபாய் அறுபது பைசா.