சாமான் ரூம்

வீடு பார்க்க மூன்று பேர் வந்தார்கள். சாமான் வைக்க இடமில்லை என்று மூன்று பேரும் ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம்தான் புரோக்கர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். எந்த அலமாரியைத் திறந்தாலும் பாதி காலியாக இருக்கவேண்டுமாம். நிறைந்த அலமாரியில் நம் சாமான்தான் தெரியும், காலி இடத்தில் வருகிறவர் தன் சாமானைப் பார்ப்பார் என்றார். ஆள் விவரமானவர்தான்.

அக்கா என்றால் வீட்டுக்காரருக்கு அக்கா. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் அப்படியே நின்றுவிட்டது. ஜவுளிக்கடையில் இருபத்தெட்டு வருஷமாக மடிப்பு வேலை. வருகிறவர்கள் பிரித்துக் கலைத்துப் போட்ட துணி அவள் கையில் அரை நிமிஷத்தில் பழைய மடிப்புக்கு வந்துவிடும். கடையில் அவளுக்கு ‘இஸ்திரிப்பெட்டி’ என்றே பேர்.

வீடு விற்றால் தம்பி குடும்பம் சின்ன ஃப்ளாட்டுக்குப் போகும். அக்காவுக்கு லேடீஸ் ஹாஸ்டல், அறைக்கு நாலு பேர், எல்லாம் பேசி முடித்தாயிற்று. விற்காமல் கிடந்தால் இங்கேயே இருந்துவிடலாம். இது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கலைந்த அலமாரியைக் கண்டால் கை சும்மா இருக்கிறதா? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். பரண் பெட்டிகளை இறக்கினாள், சமையலறை டப்பாக்களைப் பாதியாக்கினாள், போர்வைகளை விளிம்பு பிசகாமல் அடுக்கினாள்.

கடைசியில் புரோக்கர் அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

“இதைப் படுக்கிற ரூம்னு சொன்னா பொந்து மாதிரி இருக்கும். சாமான் ரூம்னு சொல்லுங்க, அரண்மனை ஆயிடும்.”

தம்பி எங்கோ பார்த்தான். அவள் கட்டிலை மடக்கி மாடிப்படிக்கு அடியில் தள்ளினாள். தன் துணிமணியை எடுத்தாள், ஒரே பையில் அடங்கிவிட்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதை யார்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலாவது ஆள் மனைவியோடு வந்தார். அலமாரிகளைத் திறந்து பார்க்கப் பார்க்க இருவருக்கும் முகம் மலர்ந்தது. சாமான் ரூமில் மட்டும் அந்த அம்மாள் நின்றுவிட்டார். பெட்ரூம் ஒன்று குறைகிறதாம், இது தேறினால்தான் வீடு தேறுமாம். அக்கா பக்கம் திரும்பிக் கேட்டார்.

“எங்க நாத்தனார் எங்ககூடத்தான் இருக்காங்க. இதுல ஒரு ஆள் படுக்க முடியுமாங்க?”

முடியாது என்று ஒரு வார்த்தை போதும். வந்தவர்கள் போய்விடுவார்கள், கட்டில் திரும்பி வந்துவிடும். தம்பி அவள் வாயையே பார்த்தான். அக்கா வாயைத் திறந்தாள். முடியாது என்றால் வேறு வீடு பார்ப்பார்கள். அந்த வீட்டிலும் இடமில்லையென்றால், முகம் தெரியாத அந்த நாத்தனாருக்கும் ஒரு ஹாஸ்டலைப் பேசி முடித்துவிடுவார்கள்.

“படுக்கலாம். கதவுப் பக்கம் தலை வச்சா காலை நீட்டலாம்,” என்றாள். பிறகு, “ஜன்னலை மறைச்சு மட்டும் அலமாரி வச்சிடாதீங்க. அவங்களுக்கு மூச்சு முட்டும்.”